ரத்தம் நிற்கட்டும்

9-8-83
நாத்தனார் ராஜம்மாள் அண்ணி இன்று பின்கட்டு அறைக்குப் போய்விட்டார். ஐம்பத்தாறு வயதில், எல்லாம் நின்று ஏழு வருடம் கழித்து, மறுபடி தூரம். கல்யாணமானதிலிருந்து மாதம் மூன்று நாள் என்னை அங்கே உட்கார வைத்தவர் அவர்தான். இன்று நான் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் எழுதுவானேன்.

27-8-83
மறுபடி உட்கார்ந்துவிட்டார். இந்த வயதில் ரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் சொன்னால் கேட்பார் என்று நினைப்பு.
"ரத்தம் நிக்கட்டும் சரோஜா. தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வரேன். இப்படியே போய் எல்லாரையும் தொட்டுக்கினு நிப்பனா?"

15-9-83
நின்றது. டாக்டர் சாயிரா பானுவிடம் போனோம். துளி சதை எடுத்து வேலூருக்கு அனுப்பினார்.

1-10-83
வேலூரிலிருந்து முடிவும் ஸ்லைடும் டாக்டருக்கு வந்துவிட்டன. கருப்பை வாயில் புற்று.
ஸ்லைடைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வாத்தியார் புத்தி. மைக்ராஸ்கோப்பில் தாறுமாறான பெரிய செல்கள், திட்டுத் திட்டாக. சுற்றிலும் கடுகைக் கொட்டியதுபோல் நீலப் புள்ளிகள்.
"அதெல்லாம் வெள்ளை அணு, டீச்சர். டி செல்லும் அதுக்குள்ளதான் இருக்கு, இந்தச் சாயத்துல தனியாத் தெரியாது. கும்பலா வந்திருக்கு. ஆனா ஓரத்துலயே நிக்குது."
"உள்ளே போகாதா?"
"போனா நம்பிக்கை ஜாஸ்தி. டி செல் புத்து செல்லைத் தொட்டு ஒட்டினாத்தான் அதைக் கொல்லும். ஏன் நிக்குதுன்னு யாருக்கும் சரியாத் தெரியல."
மெட்ராஸில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார்.

10-10-83
இன்று மெட்ராஸில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் பையோடு வாசலில் நின்றார். விடிகாலையிலேயே அண்ணிக்கு ரத்தம். பின்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். "நிக்கட்டும், அப்பறம் போலாம்."
அது தூரமில்லை, நோய். நோய் தீர்ந்தால்தான் நிற்கும். நின்றால்தான் வருவாராம். மூடின கதவிடம் எவ்வளவுதான் சொல்வது?

24-10-83
நிற்கவில்லை.

21-11-83
தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்தது. அண்ணி வெளியே வரவில்லை. இன்று காலை அறைக்குள் போய்விட்டேன். அந்த நாத்தம்— "தொடாத சரோஜா, தள்ளி நில்லு"ன்னு கத்தறாங்க. தொட்டேன். கையைப் பிடிச்சுத் தூக்கினா எடையே இல்ல. இத்தனை நாளும் தட்டை வெச்சுட்டுத் தள்ளித்தானே நின்னேன்? அவங்க சொன்னா நிக்கறதா? படிச்சவ, எனக்கு எங்க போச்சு புத்தி?
மத்தியானப் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

2-12-83
மெட்ராஸ். சுற்றியுள்ள பாகங்களுக்கும் பரவிவிட்டதாம். கரண்டு வைக்கிறார்கள். அது வெள்ளை அணுக்களையும் சேர்த்துத்தான் அழிக்கும் என்று படித்திருக்கிறேன். அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை; வெள்ளை அணு புற்றோடு சண்டை போடும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். "உள்ள எதுனா சண்டை நடக்குதா சரோஜா?" என்று கேட்டார். நடக்கிறது என்றேன்.

23-1-84
வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். இப்போதெல்லாம் தூங்கும்போதும் என் கையை விடுவதில்லை.

18-3-84
அண்ணி போய்விட்டார். கூடத்தில், என் பக்கத்தில்.

6-4-84
பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. எனக்கு இன்று தூரம், முதல் நாள். கூடத்திலேயே பாயை விரித்தேன். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அண்ணி மாதிரி யாராவது தள்ளிப் படு என்று சொன்னால் தேவலை போல இருந்தது.