புயலுக்கு வடக்கு, தீக்குத் தெற்கு

சைப்ரஸ் பெண்ட், ஃப்ளோரிடா
1998 மே 11

அன்புள்ள ராய்ஸ்,

நீ எண்ணெய் மேடைக்குக் கிளம்பிப் பத்து நாளாகிறது. கடல் நடுவே சாப்பாடாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? டெஸ்ஸிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது அப்படியே உன் ஜாடை.

இங்கே ஐந்து வாரமாக ஒரு பொட்டு மழை இல்லை. மூன்று வருஷத்துக்கு முந்தைய புயலில் சாய்ந்த பைன் மரங்கள் காட்டில் கிடந்தபடியே விறகாகிவிட்டன. சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஊர்க்கூட்டம். தீயணைப்புப் படையில் இருக்கும் பக்கத்து வீட்டு ஹார்லன் மூடிதான் பேசினார். "தீக்கும் புயலுக்கும் தயார் பண்ணப்போறது ஒரே வீட்டைத்தான். ஓடுற திசைதான் வேற. புயல்னா வடக்க, பாலத்தத் தாண்டி. தீன்னா தெக்க, கடற்கரைக்கு. இதைப் பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க" என்றார். டெஸ்ஸி இரண்டு நாளாக அதையே பாட்டாகப் பாடுகிறாள்.

கூரையிலிருந்த பைன் சருகை எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டேன். சுவரோரம் அடுக்கியிருந்த விறகை வேலிக்கு அந்தப் பக்கம் மாற்றினேன். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒட்டுப்பலகை அறுத்து, பெயிண்டில் எண் போட்டு வைத்தாயிற்று. வீட்டை ஒட்டி நின்ற ஒன்பது மரங்களையும் வெட்டிச் சாய்த்தேன். ஹார்லன்தான் மோட்டார் ரம்பத்தைக் கொடுத்து, பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தார்.

இனி முக்கியமான காகிதங்களை ஒரே இரும்புப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். உன் மேஜையின் கீழ் இழுப்பறைக்குச் சாவி எங்கே?

அன்புடன்,
நடீன்


மெக்சிகோ வளைகுடா
மே 21

அன்புள்ள நடீன்,

உன் கடிதம் நேற்றுச் சரக்குப் படகில் வந்தது. டெஸ்ஸிக்கு என் முத்தங்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, சமையல்காரன் எல்லாவற்றிலும் மிளகைக் கொட்டுகிறான், அவ்வளவுதான்.

ஒன்பது மரங்களா? வடக்குப் பக்கத்து மரத்தையாவது நான் வரும்வரை விட்டுவைத்திருக்கலாம். இங்கே சொன்னேன், என்னோடு பாரந்தூக்கி ஓட்டும் கேஸ்டன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் பொண்டாட்டியே மரம் வெட்டுறாளா? அப்போ நீ எதுக்குடா அந்த வீட்டுக்கு?" நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒன்பது மரங்கள் ஒரு நாள் வேலை இல்லை. ஹார்லன் எத்தனை நாள் வந்தார்? மனைவி போய் இரண்டு வருஷமான மனிதருக்கு நம் கூரைமேல் திடீரென்று எதற்கு இத்தனை அக்கறை? ஊரில் மற்ற வீடுகளுக்குக் கூரை இல்லையா?

கீழ் இழுப்பறையில் தூண்டில் முள்ளும் பழைய குப்பையும்தான். அதை அப்படியே விடு. வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன்
ராய்ஸ்


சைப்ரஸ் பெண்ட்
ஜூன் 2

ராய்ஸ்,

முதலில் ஹார்லன் கணக்கு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டு முறையும் சக்கர நாற்காலியில் தன் அம்மாவையும் அழைத்து வந்தார். மூடி அம்மாள் முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டே என்னைத் திட்டினார். "மரத்தை வெட்டச் சொன்னா முதுகைச் சொறிஞ்சி விடுறியே! அழுத்திப் பிடிடி!" இதுதான் நீ சந்தேகப்படும் சல்லாபம்.

இப்போது என் கேள்வி.

சாவி தேவைப்படவில்லை. மேஜையின் பின்பலகையில் நான்கே திருகாணிகள்தான். உள்ளே தூண்டில் முள்ளோடு ஒரு விடுதிச் சீட்டும் இருந்தது. பாலத்துக்கு வடக்கே நாற்பது மைலில் உள்ள விடுதி. உன் கையெழுத்து. நம் வண்டி எண். புயலடித்த அதே நாள். வந்து சேர்ந்த நேரம், மதியம் இரண்டு பத்து. இரண்டு கட்டில் உள்ள அறை.

பலகை வாங்கப் போன இடத்தில் போலீஸ் சாலையை மறித்துவிட்டது, வரிசையில் நின்ற வண்டிக்குள்ளேயே தூங்கினேன் என்று சொன்னாய். மூன்று வருஷமாக, ஊரில் கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவருகிறாய். நானும் உனக்காகச் சொல்லியிருக்கிறேன்.

பாலத்தை மூடியது யார் என்று ஹார்லனிடம் கேட்டேன். "நான்தான். நாலு மணிக்குச் சங்கிலி போட்டேன். ஏன் கேக்குற?" என்றார். சும்மாதான் என்றேன்.

அன்று நாலு மணிக்கு நான் குளியல் தொட்டிக்குள் படுத்திருந்தேன், ராய்ஸ். மார்பின்மேல் மூன்று வயசுக் குழந்தை, எங்கள் இரண்டு பேர் மேலும் மெத்தை. கூரையின் ஒரு மூலை பிய்ந்து போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

யார் அவள்?

நடீன்


மெக்சிகோ வளைகுடா
ஜூன் 12

நடீன்,

இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் கடிதத்தில் அந்தச் சீட்டு கேஸ்டனுடையது என்று எழுதினேன். இரண்டாவதில் உன்மேல் கோபப்பட்டு எழுதினேன்.

எந்தப் பெண்ணும் இல்லை. இருந்திருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

பலகைகளை ஏற்றிக்கொண்டு பன்னிரண்டரைக்கே பாலத்துக்கு வந்துவிட்டேன். வழி திறந்துதான் இருந்தது. தண்ணீர் பாலத்தின் அடிப்பலகையைத் தொட்டுத் தொட்டுப் போனது. எனக்கு முன்னால் ஒரு வேன் போனது, அந்தப் பக்கம் ஏறியும் விட்டது. நான் வண்டியை நிறுத்தினேன். பயந்துவிட்டேன். இரண்டு நிமிஷம் ஆகட்டும் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் வண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது, ஓட்டியது நான்தான். மிஞ்சியிருந்தது அந்த ஒரே அறை, எத்தனை கட்டில் என்று யார் பார்த்தார்கள்? டெலிவிஷனில் நம் ஊர் வரைபடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சீட்டை ஏன் எரிக்கவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

அதை ஹார்லனிடம் காட்டினாயா? உண்மையைச் சொல். அவருக்குத் தெரியும் என்றால் அந்த ஊரில் நான் தலைகாட்ட முடியாது.

ராய்ஸ்


கடற்கரைப் பள்ளி, நிவாரண முகாம்
ஜூன் 24

ராய்ஸ்,

நாங்கள் நலம். வீடும் தப்பித்தது. மரங்களை வெட்டிய இடத்தோடு தீ நின்றுவிட்டதாம். வேலிக்கு வெளியே இருந்த விறகும் பின்கொட்டகையும் போயின.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி வண்டி வந்தது. இருபது நிமிஷம் கொடுத்தார்கள். பெட்டியையும் தண்ணீரையும் டெஸ்ஸியையும் ஏற்றிக்கொண்டு பதினாலாவது நிமிஷம் சாலையில் இருந்தேன். புகையில் சூரியன் செம்பு நாணயம் போலத் தெரிந்தது. ஹார்லன் தீயணைக்கப் போயிருந்தார். மூடி அம்மாள் வீட்டில் தனியாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்த வாசலைத் தாண்டினேன். யாராவது அழைத்துப் போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மைல் போய்விட்டேன். பின்சீட்டிலிருந்து டெஸ்ஸி, "அம்மா, மூடிப் பாட்டி கையாட்டினாங்களே" என்றாள்.

திரும்பினேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நாற்காலியோடு தூக்கி ஏற்றியபோது அந்த அம்மாள், "போனவ எதுக்குடி வந்த, பைத்தியக்காரி?" என்று திட்டிக்கொண்டே என் சட்டையை விடாமல் பிடித்திருந்தார்.

அதனால் பாலத்தருகே உனக்கு என்ன ஆனது என்று எனக்குப் புரிகிறது. அந்த ஒரு மைல் எனக்கும் தெரியும். பயந்ததற்காக உன்னை விட்டுவிட மாட்டேன்.

ஆனால் மூன்று வருஷம். என் கடிதத்தில் தொட்டியைப் பற்றி எழுதியிருந்தேன். நீ ஹார்லனைப் பற்றிக் கேட்டாய். இல்லை, அவரிடம் காட்டவில்லை.

மூன்றாம் தேதி அங்கே உன் வேலைமுறை முடிகிறதே, நேரே வீட்டுக்கு வா. டெஸ்ஸியைப் பள்ளித் தோழி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறேன். காபி போடுகிறேன். புயலடித்த அன்று நடந்ததைக் காலையிலிருந்து என் முகத்தைப் பார்த்துச் சொல். மற்றதைப் பிறகு பேசலாம். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நடீன்


மெக்சிகோ வளைகுடா
ஜூன் 30

என் அன்பான நடீன்,

நீங்கள் தப்பித்த செய்தி கேட்டு இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். கேஸ்டன் உன்னைப் புலி என்கிறான்.

ஒரு சின்ன மாற்றம். ஆள் பற்றாக்குறை என்று மேலாளர் இன்னொரு முறைக்கு இருக்க முடியுமா என்று கேட்டார். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, சரி என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் முதல் வாரம் கட்டாயம் வருகிறேன். அப்போது எல்லாம் நிதானமாகப் பேசலாம். இப்போது உனக்கும் அலைச்சல்.

இனி புயல் மாதம். ஜெனரேட்டரில் எண்ணெய் மாற்று. அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டாதே, புகை ஆளைக் கொல்லும். வண்டியில் எப்போதும் அரை டாங்குக்குமேல் பெட்ரோல் இருக்கட்டும். கூரையில் அந்த மூலையை இன்னொரு முறை பார்க்கச் சொல். தகரப் பட்டை அடித்தால் போதும்.

டெஸ்ஸிக்கு முத்தங்கள்.

என்றும் உன்
ராய்ஸ்


சைப்ரஸ் பெண்ட்
ஜூலை 9

ராய்ஸ்,

உன் கடிதம் வந்தது. கூரை மூலைக்குப் பட்டை அடித்தாயிற்று, நானே ஏறி அடித்தேன்.

நேற்று தீயணைப்பு நிலையத்திலிருந்து வீடு வீடாக வந்தார்கள். புயலில் வீடு இடிந்தால் உள்ளே எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிவதற்காக வாசலில் ஓர் அட்டை ஒட்டுகிறார்களாம். நமக்குப் பழக்கமில்லாத ஒரு சின்னப் பெண் வந்தாள். பேனாவைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

இரண்டு என்றேன்.

நடீன்