விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

பிஷ்கெக்
ஜனவரி 8

அன்புள்ள பெகிமாய்,

குட்டி நூரேல் எப்படி இருக்கிறான்? போன் அடித்தால் அவன் விழித்துக்கொள்கிறான் என்று நீ போனை அலமாரிக்குள் போட்டாலும் போட்டாய், நான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பேனா பிடிக்கவேண்டியிருக்கிறது. கரகோல் வேன் ஓட்டுநர் இதை உன் அம்மா வீட்டிலேயே கொடுத்துவிடுவார்.

உட்கார்ந்துகொண்டு படி. நான் நிரல் எழுதுவதை விட்டுவிட்டுத் திட்ட மேலாளர் ஆகிவிட்டேன்! நம் முதலாளி உலான் கூப்பிட்டு, "யார் என்ன செய்யறாங்கன்னு இந்த ஆபீஸ்ல உனக்கு மட்டும்தான் தெரியுது. பேசாம நீயே எல்லாத்தையும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். ஏரிக்கரையில் விடுதிகள் வைத்திருக்கிறாரே கசிமாலி, அவருக்கு அறை முன்பதிவு மென்பொருள் செய்கிறோம். மார்ச்சில் நோருஸ் பண்டிகைக்குள் அது ஓட ஆரம்பித்தால் பதவி எனக்கே நிலைக்கும். இல்லாவிட்டால் பழைய மேசைக்கே, உன் பக்கத்துக்கே திரும்பிவிடவேண்டும்.

பயமாக இருக்கிறது. குதிக்கவேண்டும் போலவும் இருக்கிறது. வாழ்த்துச் சொல்லடி.

உன்
ஐபேரி

கரகோல்
ஜனவரி 14

மாட்சிமை பொருந்திய மேனேஜரம்மாவுக்கு,

வாழ்த்தாவது மண்ணாவது! ஏப்ரலில் நான் வேலைக்குத் திரும்பும்போது பக்கத்து மேசையில் யார் இருப்பார்கள்? நான் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது எட்டிப் பார்த்து, "இங்க பாரு, இந்த வரிதான் உன்னப் படுத்துது" என்று யார் சொல்வார்கள்? நாலு வருடம் ஒரே பொட்டலத்தில் குருத் தயிர் உருண்டை எடுத்துத் தின்றோம், சண்டை போட்டோம், எழுதினோம். இப்போது நீ கூட்டம் போட்டுப் பேசுகிற கட்சிக்குப் போய்விட்டாய்.

ஒளிக்காமல் சொல்கிறேன். நீ தோற்றுப்போகவேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். தோற்றால் என் பக்கத்தில் வந்து உட்காருவாய் அல்லவா? அவ்வளவுதான் ஆசை.

நூரேலுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. இத்துடன் அம்மா கொடுத்த தேன் ஒரு போத்தல் வருகிறது. அலுவலகத்துக்கு எடுத்துப்போகாதே, ஒரே நாளில் தீர்த்துவிடுவார்கள்.

கோபமுள்ள
பெகிமாய்

பிஷ்கெக்
பிப்ரவரி 6

அன்புள்ள பெகிமாய்,

உன் வேண்டுதல் பலித்துவிட்டது. சந்தோஷப்படு.

கூட்டம் போட்டுப் பேசுகிற கட்சி என்றாயே, பேச எனக்கு எங்கே நேரம்? அறையில் வயதில் சின்னவள் நான். ஆகவே கெண்டி என் கையில். நான் வரிசையாகத் தேநீர் ஊற்றிக்கொண்டே இருக்க, கூட்டம் தானாக நடந்து தானாக முடிகிறது. என் அணியில் இருக்கிற சபீர்பெக் அண்ணன் என் அப்பாவை விட நாலு வயதுதான் சின்னவர். அவரிடம் போய் "ஏன் இன்னும் முடிக்கல?" என்று எந்த வாயால் கேட்பேன்? அவருடைய பகுதியை நானே வீட்டில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

கசிமாலியோ வரும்போதெல்லாம் ஒன்று கேட்கிறார். முதலில் அறை முன்பதிவு மட்டும் கேட்டவர், குதிரை சவாரியையும் சேர்க்கச் சொன்னார். பிறகு மனைவி விற்கிற தேன். நேற்று, "ஏரித் தண்ணி எவ்ளோ ஜில்லுன்னு இருக்குன்னும் அதுல காட்டணும்மா" என்றார். நான் எரிச்சலை அடக்கிக்கொண்டு அவர் கிண்ணத்தில் ஊற்றினேன். ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். பார்த்தால் விளிம்பு வரை நிறைத்து நீட்டியிருக்கிறேன்! பாதிக் கிண்ணம் மரியாதை, முழுக் கிண்ணம் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்பாக் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை உலானிடம் சொல்லிவிட்டுப் பழைய மேசைக்கே வந்துவிடுகிறேன். அழுது அழுது மூக்கு வீங்கிவிட்டது.

ஐபேரி

கரகோல்
பிப்ரவரி 7

அடி பைத்தியமே,

முதலில் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் பிள்ளை எழுந்துவிட்டான், அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து விவரம் கேட்டு அவளும் சிரித்தாள்.

அப்புறம் சந்தோஷப்படலாம் என்று உட்கார்ந்தேன். நீ திரும்பி வருகிறாய், நான் கேட்டதும் அதுதான். ஆனால் வரமாட்டேன் என்கிறதடி சந்தோஷம்.

எனக்கு மசக்கையில் தலை தூக்க முடியாமல் வேலையை விடப் போனேனே, ஞாபகமிருக்கிறதா? என்னைக் கேட்காமலே உலானிடம் போய், "அவளுக்கு வேணுங்கறது லீவு, ராஜினாமா இல்ல" என்று சொல்லி, என் வேலையை மூன்று பேருக்குப் பிரித்துக்கொடுத்தாய். அன்றைக்கே நீ மேலாளர்தான். யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நீ செய்வது என்ன? அண்ணன் வேலையை ஒளித்து ஒளித்து நீயே எழுதுகிறாய். பழைய மேசையை விட்டு இன்னும் எழுந்திருக்கவே இல்லை நீ! அவரிடம் கேள். மரியாதையாகக் கேள், ஆனால் கேள். உலானிடம் எதுவும் சொல்லுமுன் கசிமாலி வீட்டுக்குப் போய் வா. இது உன் தோழியின் உத்தரவு.

பெகிமாய்

பிஷ்கெக்
மார்ச் 23

என் தங்கமே,

ஓடுகிறதடி, ஓடுகிறது!

நீ எழுதியபடியே போனேன். கதவைத் திறந்தது கசிமாலியின் மனைவி. "கிண்ணத்த ரொப்பிக் குடுத்த பொண்ணு நீதானா? உள்ள வாடி கண்ணு! முப்பது வருஷமா இந்த மனுஷனுக்கு அப்படி ஊத்தணும்னு நானும் பாக்கறேன், கை வரல!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். உள்ளே கசிமாலி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார். மன்னிப்புக் கேட்டேன். பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "ஐயா, நோருஸுக்கு ரூம் மட்டும்தான். மத்ததெல்லாம் கோடைக்கு" என்றேன்.

"குதிரையாவது...?"

"குதிரையும் கோடைக்குத்தான்யா."

"இதக் கிண்ணமில்லாமலே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், சிரித்துவிட்டார்.

கெண்டியை நான் விடவில்லை. ஆனால் இப்போது கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன் வேலை எங்கே சிக்கியிருக்கிறது என்று சொன்னால்தான் கிண்ணம் கைக்கு வரும். சபீர்பெக் அண்ணன் முறை வந்தபோது வெகுநேரம் தாடியைத் தடவினார். "எனக்கு இந்தப் பகுதி புரியவே இல்லம்மா. சொல்ல வெக்கமாயிருந்துச்சு. நீ எழுதி வெச்சதப் பாத்து இன்னும் வெக்கமாப் போச்சு" என்றார். நான் எழுதியதை அழித்துவிட்டு, அந்தப் பகுதியைப் புதிதாக எழுத வேறொருவருக்கு மாற்றி, அண்ணனுக்குக் கைவந்த கட்டணப் பகுதியை அவரிடம் கொடுத்தேன். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டார் மனிதர்.

நோருஸ் அன்று காலை முதல் முன்பதிவு வந்தது. ஓஷ் நகரத்திலிருந்து ஒரு குடும்பம், இரண்டு அறை. கடைசியில் அதில் நான் எழுதிய வரி ஒன்றுகூட இல்லை, பெகிமாய். ஆனாலும் அத்தனை பேர் நடுவில் நான்தான் அழுதேன்.

உலான் கேட்டார்: "இந்த நாற்காலி உன்னுது. இல்ல பழைய மேசைதான் வேணும்னாலும் சொல்லு." ஒரு வாரம் அவகாசம் கேட்டிருக்கிறேன். எனக்கு இது பிடித்திருக்கிறது, ரொம்பவே பிடித்திருக்கிறது. ஆனால் உன்னைக் கேட்காமல் சரியென்று சொல்ல மனம் வரவில்லை.

ஐபேரி

கரகோல்
மார்ச் 25

ஐபேரி,

சரியென்று சொல்லிவிடு. நான் அழுதேனா என்று கேட்காதே, கொஞ்சம் அழுதேன்.

உலானுக்கும் எழுதிவிட்டேன். ஏப்ரலில் வருகிறேன், ஐபேரியின் அணியில் போட்டால்தான் வருவேன் என்று.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்வோம். தோழி என்று எனக்கு வேலையைக் குறைத்துக் கொடுக்காதே. நான் திணறினால் ஒளித்து வைத்து நீயே எழுதாதே. "எவ்ளோ முடிஞ்சுது?" என்று நேராக என் முகத்தைப் பார்த்துக் கேள். "கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு" என்பேன். நம்பாதே. நாலு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு நான் எப்போது பொய் சொல்கிறேன் என்று தெரியாதா? மற்ற மேலாளர்களை ஏமாற்றியிருக்கிறேன். உன்னை முடியாது, அதனால்தான் உன்னிடம் வருகிறேன்.

ஐந்து மணிக்குக் காப்பகத்திலிருந்து பிள்ளையை அழைத்துவர ஓடிவிடுவேன். இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள், மேனேஜரம்மா.

இனி உங்களிடம் திட்டு வாங்கப் போகிற
பெகிமாய்