நிவேதா செய்தது சரிதான்

என் கண்மணி ஜுவேரியாவுக்கு,

அம்மி எழுதுகிறேன். எப்போது போன் செய்தாலும் மாப்பிள்ளைதான் எடுக்கிறார். அதனால் நீ பாடம் நடத்தும் பள்ளிக்கூட முகவரிக்கே இதை அனுப்புகிறேன்.

நேற்று எதிர்வீட்டு காமாக்ஷி மாமியோடு பெரிய சண்டை. எல்லாம் நாங்கள் சேர்ந்து பார்க்கும் சீரியலால்தான். அதில் புருஷன் கை நீட்டினான் என்று நிவேதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவசரப்பட்டுட்டா. கொஞ்சம் பொறுத்துண்டு போயிருக்கலாம்" என்றார் மாமி.

"இன்னாத்துக்கு பொறுக்கணும்? அடுத்த தபா எங்க அடிப்பான்னு பாக்கறதுக்கா?" என்று கத்தினேன். மந்தைவெளி முழுக்கக் கேட்டிருக்கும்.

"சீரியல்னா பேசிடலாம், ஃபிர்தௌஸ். உன் பொண்ணுன்னா?"

"என் பொண்ணுன்னா நானே போய்க் கூட்டினு வருவேன்."

மாமி டிவியை அணைத்தார்.

"நிவேதா விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான். ஆனா பெருநாளன்னிக்கு ஜுவேரியா கையில இருந்த காயத்தை நானும் பார்த்தேன். கிளம்பு, நானும் வரேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் வருகிறோம். வண்டியை உன் அப்பா ஓட்டுகிறார். மாப்பிள்ளையிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ குழந்தையின் துணிகளை மட்டும் எடுத்து வை. மற்றதெல்லாம் இங்கே இருக்கிறது.

உன் அம்மி