லாரி டிப்போவில் ஒரு கீரைப்பாத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

கோமதி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சிரம்பானை அடுத்த பழைய ரப்பர் தோட்டத்தில் இப்போது லாரி டிப்போ. மண்ணில் டீசல் ஊறியிருக்கிறதா என்று சோதிக்கப் போனோம். துளை போட வேண்டிய இடத்தில் கேண்டீன் விமலா அக்காவின் கீரைப்பாத்தி!

“நல்லா பாத்துச் சொல்லுலா. டிரைவருங்களுக்கு இதத்தான் ஆக்கிப் போடுறேன்” என்றவர், முடிவு வரும்வரை ஒரு தண்டுகூடக் கிள்ளவில்லை.

நேற்று முடிவு வந்தது. பட்டறையோரம் மட்டும்தான் டீசல், பாத்தி சுத்தம். “இனி வாரா வாரம் உனக்கு ஒரு கட்டு” என்று முதல் கட்டைக் கையில் திணித்துவிட்டார்.

ஆபீஸ் வேன் வந்துவிட்டது, அப்பா. நம் வீட்டு மத்தைப் பஸ்ஸில் அனுப்புங்கள்; கரண்டியால் மசித்தால் உங்கள் பக்குவம் வரவில்லை. நீங்களே கொண்டுவந்தாலும் சரி. ஒரு கட்டுக் கீரை ஒருத்திக்கு அதிகம்.

கோமதி