உன் சொல்லுக்குக் கெட்டுப்போன வண்டிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா நலம், என் முழங்கால் நலம், என் கோபமும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், போனில் நீ ஒரு தடவை மூக்கை உறிஞ்சினால் போதும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு அழாதேடி என்று ஆரம்பித்துவிடுவேன். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார். படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். படிப்பார்.

மெக்கானிக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதனால் ஒன்றும் தெரியாதது போல இனி நீ நடிக்க வேண்டாம். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை அடுத்த மாதம் ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள், காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அங்கே போக பஸ்ஸே கிடையாது, மாதக் கடைசிக்குள் நான் ஒரு வழி செய்துகொள்ளாவிட்டால் பழைய கட்டடத்திலேயே உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போட்டுவிடுவார்கள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷமாக மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்தவள் நான். டோக்கன் கொடுப்பது மட்டமான வேலை இல்லை, ஆனால் அது என் வேலை இல்லை. அதற்காகத்தான் நாற்பத்தேழு வயதில், உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு டிரைவிங் பள்ளியில் வரிசையில் நின்று, முதல் தடவை தோற்று, அவர்கள் என்னை ஆன்ட்டி ஆன்ட்டி என்று தேற்றியதையும் பொறுத்துக்கொண்டு, இரண்டாம் தடவை லைசென்ஸ் வாங்கினேன். புதுக் கார் நம் கைக்கு எட்டாது. புதிதாக ஓட்டுகிறவளுக்கு அது தேவையும் இல்லை. எங்காவது உரசினாலும் மனசு உடைந்துபோகாத மாதிரி சின்னதாக, ஏழெட்டு வருஷம் ஓடியதாக ஒன்று போதும் என்று தேட ஆரம்பித்தேன். நம் ஸ்கூட்டரைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறவர், பொய் சொல்லத் தெரியாதவர் என்று நம்பித்தான் ஒவ்வொரு வண்டியையும் நம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன்.

முதலில் சாம்பல் நிற வண்டி. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, அடிச்சட்டம் வளைஞ்சிருக்குக்கா, எங்கேயோ பலமா அடிபட்ட வண்டி, வேண்டாம் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அதோடு விட்டேனா? எங்கள் கணக்குப் பிரிவுப் பெண் அதே வண்டியைப் பார்க்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டு, பாவம் ஏமாறப் போகிறாளே என்று மதியச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய், அதைத் தொடாதே, நடு ரோட்டில் இரண்டாக உடைந்துவிடும் என்று எச்சரித்தேன். அவள் சிரித்துக்கொண்டே போய் வாங்கிவிட்டாள். இப்போது தினமும் சாயங்காலம் அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் நிற்கிறது. ஏறுங்கக்கா, இன்னும் உடையலை என்கிறாள். வயிறு எரியாதா எனக்கு? இரண்டாவது வெள்ளை. அது தண்ணீரில் மூழ்கி எடுத்த வண்டி என்றார். மூன்றாவது சிவப்பு. இன்ஜினில் எண்ணெய் ஒழுகுகிறது என்றார். எனக்கு அப்போதுதான் சந்தேகம் தட்டியது. கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவர் காட்டிய இடத்தில் அழுத்தித் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நின்றேன். கையை அழுக்குத் துணியில் துடைத்தார், துடைத்தார், தோல் உரிகிற வரைக்கும் துடைத்தார். பிறகு, என்னைத் திட்டாதீங்கக்கா, பாப்பா போன் பண்ணி அழுதுச்சு, அம்மா எந்த வண்டியக் கொண்டுவந்தாலும் தேறாதுன்னு சொல்லிடுங்க மாமான்னு கெஞ்சுச்சு, நான் என்ன செய்ய என்றார். அப்போ அந்த வெள்ளை வண்டியும் பொய்தானா என்றேன். ஐயோ, அது சத்தியமா தண்ணில முங்கினதுதான்க்கா என்றார். அதை இப்போது நான் எப்படி நம்புவது, நீயே சொல்.

எனக்குக் கோபம் நீ பயந்ததற்கு இல்லை. பயிற்சியின்போது நான் ஒரு சுவரை உரசியதை அப்பா உன்னிடம் வீடே இடிந்த மாதிரி வர்ணித்திருப்பார் என்று தெரியும். பயமாக இருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். அதை விட்டு, ஒரு நேர்மையான மனிதரின் வாயிலிருந்து பொய்யை வரவழைத்திருக்கிறாய். என் மேசைக்குத் தினமும் நூறு பேருடைய ரத்தம் வருகிறது. ஒரு பெண் வந்து, எங்கம்மா பயந்துடுவாங்க, ரிப்போர்ட்ல சர்க்கரையைக் கொஞ்சம் குறைச்சுப் போட்டுடுங்க என்று அழுதால் நான் போட்டுவிடுவேனா? போட்டால் அதற்குப் பெயர் பாசமா? நீ வெளிநாடு போன மூன்றாம் மாதமே கார் ஓட்டுகிறேன் என்று சொன்னாய். அன்று போனை வைத்ததும் நேராகப் பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன். உன் தோழிகள் யாருக்காவது போன் போட்டு அவள் சாவியை ஒளித்துவையுங்கள் என்று சொன்னேனா?

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடிவைத்திருந்தேன். உண்மையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை மறைப்பது சரியில்லை. நீ எட்டாம் வகுப்பில் படிக்கும்போது மலைக்குச் சுற்றுலா போனார்களே, பேருந்தில் இடமில்லை என்று உன் வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார் என்று இரண்டு நாள் அழுதாயே, இடம் இருந்தது. நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். அந்த வளைவுப் பாதையை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ அழுதபோது, வா, நாம் போய் அந்த டீச்சரை நன்றாகக் கேட்டுவிடுவோம் என்றுகூட வாய் கூசாமல் சொன்னேன். பாவம் அந்த டீச்சர், அதற்குப் பிறகு நீ அவரோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. ஆக இந்த வித்தையை நீ வேறெங்கும் போய்ப் படிக்கவில்லை. என்மேல் உனக்குக் கோபம் வந்தால் நியாயம்தான், தாராளமாகக் கோபித்துக்கொள், தனிக் கடிதமாக எழுதி அனுப்பு. ஆனால் அதற்கும் இதற்கும் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதே. உனக்கு அப்போது பதின்மூன்று வயது. எனக்கு இப்போது நாற்பத்தேழு.

இனி நடக்க வேண்டியதைக் கேள். ஒரு தையல்காரம்மாவின் நீல வண்டி விலைக்கு வந்திருக்கிறது. எட்டு வருஷம் ஆகிறது, ஒரே ஆள் ஓட்டியது, சர்வீஸ் புத்தகம் கிழியாமல் இருக்கிறது. விலையும் என் சேமிப்புக்குள் அடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வரை வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக்கோ, பார்க்கிறேன் என்றும் சொல்வதில்லை, மாட்டேன் என்றும் சொல்வதில்லை. நாளைக்கு ஒண்ணுன்னா பாப்பா முகத்துல நான் எப்படிக்கா முழிப்பேன் என்கிறார். வேறு மெக்கானிக்கிடம் போகலாம். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. நீ கெடுத்த இடத்திலேயே அது சரியாக வேண்டும். அவருக்கு போன் செய். மன்னிப்பெல்லாம் உன் இஷ்டம். கண்ணால் பார்ப்பதை அப்படியே அம்மாவிடம் சொல்லுங்கள் மாமா என்று அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல். உள்ளபடி பார்த்துவிட்டு இதுவும் தேறாது என்று அவர் சொன்னால், மறுபேச்சில்லாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் தேடுவேன், மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் டோக்கன் மேசையில் போய் உட்காருவேன். அந்த வேண்டாம் என்ற சொல் வண்டியினுடையதாக இருக்க வேண்டும், உன்னுடையதாக இருக்கக் கூடாது. சரி என்று சொன்னால், அவர் பட்டறையிலிருந்து நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரட்டும்.

நோய்நொடி இல்லாமல், எடுத்த வேலையெல்லாம் கைகூடி, நீ நன்றாக இருக்க வேண்டும். பின்கழுத்து வலிக்கு மாத்திரையை விழுங்காமல் தலையணையை மாற்று. ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டியை அவரிடம் கொண்டுபோகிறேன், அதற்குள் அவருக்கு போன் செய்ய மறந்துவிடாதே. இங்கே பத்து, அங்கே பத்து இல்லை.

கோபம் தீராத, ஆனாலும் உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா