கேக்கில் சுரண்டிய வருஷம்

என் அன்பானவளுக்கு,

நாக்ஸ்வில்லில் குளிர் வந்துவிட்டதா? நீ மறந்துவிட்டுப் போன கம்பளிக் கோட்டை உன் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில், குடியைத் தொடாமல் ஒரு வருடம் இருந்ததற்கான நாணயத்தை எனக்குத் தருவதாக இருந்தது. குடியை விட நினைப்பவர்கள் கூடும் எங்கள் குழுவை நடத்தும் டயர் கடை வெர்லின் தன் கையாலேயே கேக் செய்து, க்ரீமில் 'ஒரு வருஷம்' என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். "நான் இயேசுவை நம்புறவன், குடியோட மல்லுக்கட்டுறவன்" என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். நடந்ததைச் சொன்னேன். வருட நாணயத்தை விட்டுவிட்டு, மறுபடி ஆரம்பிப்பவர்கள் எடுக்கும் முதல் நாள் நாணயத்தை எடுத்துக்கொண்டேன்.

யாரும் புத்தி சொல்லவில்லை. அங்கே அது கூடாது, உனக்கே தெரியும். "சொன்னதுக்கு நன்றி" என்றார்கள், அவ்வளவுதான். வெர்லின் மட்டும் கத்தியை எடுத்து, "கேக் என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்றபடி 'வருஷம்' என்பதைச் சுரண்டிவிட்டு 'நாள்' என்று எழுதினார். "இந்தா, பெரிய துண்டு உனக்குத்தான்."

பொய் சொல்லாமல் இன்றைக்கு ஐந்தாம் நாள். இந்த முறை நிற்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன மாதம் என் வண்டி சீட்டுக்கடியில் ஒரு பீர் கேன் கிடந்ததே, உன் தம்பியுடையது என்றேனே. நீ ஒன்றும் கேட்காமல் பெட்டியைக் கட்டினாய். முப்பது பேரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம்தான் பாக்கி.

அது என்னுடையது.

உன் கேக் துண்டு ஃப்ரீசரில் இருக்கிறது.

உன் புருஷன்