மாதா படத்தருகே ஒரு சிவப்பு முட்டை

வாலேனி,
ஆகஸ்ட், மாதா நோன்பு தொடங்கிய வாரம்.

அன்புள்ள மார்க்ரீத்துக்கு,

ஸாம்ஃபிரா எழுதுவது. நாங்கள் நலம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உன் அப்பா எழுந்து நடக்கிறார் என்று படித்ததும் மனம் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரைப் பாதிரியாரிடம் கொடுத்து வேண்டிக்கொள்ளச் சொன்னேன்.

இங்கே மழை ஏமாற்றிவிட்டது. சோளம் இடுப்புயரத்திலேயே காய்ந்து நிற்கிறது. நெகுலாய் வானத்தைத் திட்டுகிறார், அது அலுத்துப்போனால் கட்டிய பெண்டாட்டி என்னைத் திட்டுகிறார். பிளம் மட்டும் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. ஜாம் காய்ச்சும்போதெல்லாம் உன் நினைவுதான். இலிங்காவின் மேலுதட்டில் ஜாமைத் தடவி, நாக்கை நீட்டி நக்கச் சொல்வாயே. அரசு விடுதியிலிருந்து வளர்ப்பதற்காக எங்களிடம் கொடுத்தபோது, அழக்கூடத் தெரியாத குழந்தை அவள். சம்பளம் வாங்காமல் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, பேச்சுப் பயிற்சி கொடுத்து, நீதான் அவள் வாயைத் திறந்தாய். உண்மையைச் சொன்னால், தப்பும் தவறுமான உன் ருமேனியப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கத்தான் அவள் முதலில் வாய் திறந்தாள்.

ஈஸ்டரன்று நடந்ததை இதுவரை உனக்கு எழுதவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்க, நீ வர முடியாமல் தவிக்கும்போது எப்படி எழுதுவது? குளிர்காலம் முழுக்க நீ அவளுக்கு "கிறிஸ்து உயிர்த்தார்" என்று சொல்லப் பழக்கினாய். அவள் அதைச் சொல்ல வேண்டும், நீ "மெய்யாகவே உயிர்த்தார்" என்று பதில் சொல்ல வேண்டும். அவள் முறை, பிறகு உன் முறை. ஈஸ்டருக்கு வந்து, இதைச் சொல்லிக்கொண்டே சாயம் தோய்த்த முட்டைகளை ஒன்றோடொன்று மோதுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாய். முட்டை மோதிக்கொண்டவர்கள் மறுவுலகில் சந்திப்பார்கள் என்று நெகுலாய் வேறு அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

அன்று காலையிலேயே சிவப்பு முட்டையோடு வாசலில் போய் நின்றாள். பேருந்து வந்தது, போனது. அவள் நகரவில்லை. கடைசியில் நான் போய் என் முட்டையை நீட்டினேன். அவள் தன் முட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "உன் முறை இல்ல" என்றாள். அதுதான் கடைசி வார்த்தை.

"அது நல்ல பொண்ணுதான், ஆனா ஒவ்வொரு தடவையும் பெட்டியக் கட்டும்போது இந்தப் புள்ளயோட பேச்சையும் சேத்துக் கட்டிட்டுப் போயிடுது" என்றார் நெகுலாய். நான் அவரை அதட்டினேன். ஆனாலும் அது பொய்யில்லை. போன வருஷமும் நீ கிளம்பிய பிறகு அப்படித்தானே ஆனது.

செர்ரி பூத்து, காய்த்து, தீர்ந்தும் போனது. அவள் பேசவில்லை. வாயசைவு பார்த்துப் பழக நீ விட்டுப்போன முகக்கண்ணாடியை எடுத்து வைத்தேன். அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள்.

புல் அறுக்கும் நாட்களில்தான் மாறியது. அரிவாள் தீட்டும்போது நெகுலாய் கையை வெட்டிக்கொண்டார். "அப்பா, ரத்தம் வருது, உக்காருங்க" என்று ஒரு குரல். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எதுக்கு அழறீங்க, வலிக்குதா என்று கேட்டாளாம். "ஆமா கண்ணு, ரொம்ப வலிக்குது" என்றாராம்.

இப்போது வாய் மூடுவதில்லை. கோழிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவை பதில் சொல்லட்டும் என்று காத்து நிற்கிறாள். நீ பழக்கியதுதான்.

பள்ளி திறக்குமுன் மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து அவளைப் பேசவைத்துப் பார்ப்பார்கள். பேசினால் நம் ஊர்ப் பள்ளி, எங்கள் வீடு. பேசாவிட்டால் நகரத்தில் வாய் பேசாத பிள்ளைகளுக்கான விடுதி. மறுபடியும் விடுதி, மார்க்ரீத்.

மாதக் கடைசியில் இரண்டு வாரம் விடுமுறை, வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ வந்தால் தலைகால் புரியாமல் ஆடுவாள். நீ போவாய். அந்த ஆட்கள் வருவார்கள்.

வராதே, மகளே. உனக்கென்று வைத்த போர்வையை வேறு யாருக்கும் கொடுத்ததில்லை, இனியும் கொடுக்க மாட்டேன். கோபத்தை என்மேல் காட்டு, அவள்மேல் வேண்டாம்.

அந்த முட்டையை மாதா படத்தருகே வைத்திருக்கிறாள். கோயிலில் மந்திரித்த முட்டை கெடாது என்பார்கள். தூசி துடைக்கக்கூட என்னைத் தொட விடுவதில்லை. ஒருநாள் வளர்ந்து, ஏன் உன்னை வரவிடவில்லை என்று என்னைக் கேட்பாள். கேட்கட்டும். கேட்க அவளுக்கு வாய் இருக்கட்டும். அன்றைக்கு முட்டையைக் கையில் கொடுத்து உன் வீட்டுக்கு நானே அனுப்பி வைக்கிறேன்.

தேவமாதா உன்னையும் உன் அப்பாவையும் காக்கட்டும். அவள் வரும்வரை நீ காத்திரு. இது அவள் முறை.

உன்னை மறவாத,
ஸாம்ஃபிரா